பின் சீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பொருளைக் கடையில் கொடுத்துச் சரிசெய்வது என்றால் மானம் போன மாதிரி. மிக்சி, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அவரேதான் பிரிப்பார். பிரித்ததில் பாதி திரும்ப ஓடும். மீதியை, அவர் வெளியே போன நேரம் பார்த்து நான் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். "பாத்தியா, நான் செஞ்சது எப்டி ஓடுது" என்பார். நானும் தலையாட்டுவேன். எங்கள் குடித்தனம் இப்படித்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் ஒரு நாள் அட்டைப்பெட்டி ஒன்றை நீட்டி, "வண்டிக்குப் பாட்டு செட்டு" என்று அவர் சொன்னதும் என் வாயில் முதலில் வந்தது, "யார் மாட்டப் போறாங்க?" என்பது.

"யார் மாட்டணும்? ரெண்டு ஒயரு. அவ்ளோதான்."

நாங்கள் இருப்பது பிள்ளையார்பாளையம். ஒரே தறியில் இருவரும் நெய்கிறோம். அவர் நடுவில் உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவேன். சின்ன வயதில் சீழ் பிடித்து என் வலது காது போய்விட்டது. தறியில் எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. நல்ல காது அவர் பக்கம் இருக்கும். அவர் வாய்க்குள் முணுமுணுப்பது கூடக் கேட்கும், கேட்டதற்குச் சுடச்சுடப் பதிலும் கொடுப்பேன். இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு காது மந்தம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வண்டியில் கதை வேறு. ஞாயிறு சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் தாமல் ஏரிக்கரை வரை போய் வருவோம். ஏரியில் தண்ணீர் இருந்தால் தண்ணீரைப் பார்ப்போம், இல்லாவிட்டால் மேய்கிற மாட்டைப் பார்ப்போம். போகும்போது அவர் பேசிக்கொண்டே ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்த எனக்கு ஒரு எழுத்துகூட விழாது. காற்று, லாரி, ஹெல்மெட் என்று காரணம் சொல்லிக்கொண்டு "ம்ம்" போடுவேன். அது இரண்டு மூன்று முறை தப்பான இடத்தில் விழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் வண்டியில் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு அது பெரிய வருத்தம். வாரம் முழுக்க நூல், கரை, கூலி என்று பேசுகிறவர், வீட்டைத் தாண்டினால்தான் வேறு எதையாவது பேசுவார். அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது. வெளியே சொன்னதில்லை.

"பின்னாடி உக்காந்துக்கினு உனுக்கு போர் அடிக்குதுல்ல. இனிமே பாட்டு கேட்டுக்கினே வரலாம்" என்றார், பெட்டியைப் பிரித்துக்கொண்டே. அப்போது அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கியது. இருந்தாலும் கடையில் கொடுத்து மாட்டச் சொல்லி இரண்டு நாள் சண்டை போட்டேன்.

"அறுந்த இழையை ஆயிரக்கணக்குல பிணைச்ச கை இது. ஒயரு பிணைக்க ஒருத்தன் கிட்ட போவணுமா?" என்று கேட்டுவிட்டு வாசலில் வண்டியைச் சாய்த்து உட்கார்ந்தார்.

பிணைத்தார்தான். பாவு இழைக்குச் செய்கிற மாதிரியே விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, ஒயர் நுனிகளைத் திரித்துத் திரித்துச் சேர்த்தார். பார்க்க அத்தனை அழகு. மேலே சுற்றும் டேப் தீர்ந்துபோயிருந்தது. எங்கள் வீட்டில் எது அறுந்தாலும் அவிழ்ந்தாலும் தறியில் மிஞ்சின நூலை எடுத்துத்தான் கட்டுவோம். குழாய், குடைக்கம்பி, பள்ளிக்கூடப் பை எல்லாம் பட்டு நூலில் நிற்கிற வீடு இது. அவரும் கை போன போக்கில் கிடந்த நூலை எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு முடிச்சையும் சேர்த்து இறுக்கிச் சுற்றிவிட்டார்.

"பட்டுல கரன்ட்டு போவாது, தெரியுமா?" என்று எனக்குப் பாடம் வேறு.

பட்டில் போகாதுதான். அவர் எடுத்தது கரையில் மிஞ்சிய ஜரிகை. பட்டின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றியது. அவர் சாவியைத் திருப்பினார். படீரென்று ஒரு பொறி. அசல் பட்டு எரிந்தால் வருகிற, மயிர் கருகும் நாற்றம். அதோடு வண்டி அடங்கிவிட்டது. ஹாரன்கூட அடிக்கவில்லை.

எதிர் வீட்டுத் தறிக்காரர் வெளியே வந்து மூக்கைச் சுளித்தார். விஷயத்தைக் கேட்டதும், "பட்டும் அசலு, ஜரிகையும் அசலுபா. பேட்டரியே சர்டிபிகேட் குடுத்துடுச்சு" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவராகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற ஆடியோ கடைக்குப் போனார். கூடவே நானும் போனேன். கடைக்காரர் அந்தக் கருகிய முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோல்டு பிளேட்டட் கனெக்ஷன் சார் இது. இத நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்காரர் வேலையைக் குறை சொல்ல முடியாது. எரிந்துபோன ஃபியூஸை மாற்றி, செட்டுக்கென்று தனி ஃபியூஸ் வைத்தார். ஒயரை ரப்பர் குழாய்க்குள் விட்டார். மழைத் தண்ணீர் இறங்காதபடி ஹேண்டில்பாரில் இரண்டு ஸ்பீக்கரையும் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி மாட்டினார். போட்டதும் கடை அதிர்ந்தது. பக்கத்தில் நின்று கேட்டபோது எனக்கும் பிரமாதமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு தாமலுக்குக் கிளம்பினோம். கோயில் இருக்கும் தெருவில் சத்தத்தைக் குறைத்து, நெடுஞ்சாலை வந்ததும் கூட்டினார். கூட்டினார் என்பதை அவர் கை அசைந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன். எனக்குக் கேட்டது பழைய காற்றும் பழைய லாரியும்தான். செட்டு வாங்கி, தெரு சிரித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இவ்வளவு பாடுபட்ட மனுஷனிடம் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஏரிக்கரை ஏறும்போது அவர் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பிக் கத்தினார்.

"பாட்டு எப்டி இருக்குது?"

"சூப்பரா இருக்குதுங்க!"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"பாட்ட நிறுத்தி ரொம்ப நேரமாச்சுமா."

எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்துவிடும். "கேக்கலன்னா கேக்கலதான்! இத்தினி வருசமா நீங்க வண்டியில பேசுனது ஒண்ணுமே எனுக்குக் கேக்கல! எல்லாத்துக்கும் சும்மாதான் ம்ம் போட்டேன்!" என்று ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவர் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார். நின்ற வண்டியிலேயே என்னை வழக்கம்போல ஒரு பக்கமாக, காலை இடப்பக்கம் போட்டு உட்காரச் சொன்னார். ஹேண்டில் பக்கம் நின்று விரலைச் சொடுக்கினார். எனக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்து சொடுக்கினார். கேட்டது. அப்படியே தலையில் அடித்துக்கொண்டார்.

"தறியில நல்ல காது என் பக்கம். வண்டியில ஏறுனா செத்த காதுதான என் பக்கம் வருது! இது எனுக்கும் தோணல, உனுக்கும் தோணல பாரு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாகக் காற்றையும் லாரியையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு ஸ்பீக்கரைப் பின்னால் மாற்றச் சொன்னதற்குக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "பின்னாடி யாரும் ஸ்பீக்கர் மாட்ட மாட்டாங்க சார். ஓட்றவருக்கு சவுண்டு பாதியாயிடும், ஸ்டீரியோ எஃபெக்டே போயிடும்."

"போனா போவட்டும் சார். பாட்டு அவுங்களுக்குத்தான் வாங்கனது" என்றார் என் வீட்டுக்காரர்.

கடைக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு நீளமான ஒயரும் கிளிப்பும் ஒரு சுருள் டேப்பும் எடுத்துக் கொடுத்து, எதை எதோடு சேர்ப்பது என்றும் காட்டினார். "மாட்றத நீங்களே மாட்டிக்கிங்க சார். உக்கார வெச்சு அளவு பாத்து மாட்டணும், அது வூட்லதான் ஆவும். ஜரிகை மட்டும் வாணாம்."

வாசலில் என்னை வண்டிமேல் உட்கார வைத்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று அரை நாள் அளவு பார்த்தார். கடைசியில் ஒரு ஸ்பீக்கர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கைப்பிடிக் கம்பியில், என் இடது காதைப் பார்த்தபடி உட்கார்ந்தது. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சாமி ஊர்வலத்துக்குக்கூட ஸ்பீக்கர முன்னாடிதான்பா கட்டுவாங்க" என்றார். இந்த முறை என் வீட்டுக்காரர் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்த ஞாயிறு நெடுஞ்சாலையில் ஏறியதும் என் இடது காதில் முதலில் ஒரு இரைச்சல் வந்தது, பிறகு தபேலா, பிறகு குரல். லாரி தாண்டியபோதும் குரல் அமுங்கவில்லை. நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியதற்குக் காற்றுதான் காரணம் என்று இந்த முறையும் சொல்லிக்கொள்ளலாம். சந்தோஷம் என்பதுதான் உண்மை.

ஏரிக்கரை கண்ணில் படும் நேரத்தில், சரணத்தின் நடுவிலேயே பாட்டு நின்றது. அவர் தலையைத் திருப்பிக் கத்துவது தெரிந்தது. என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

"நிறுத்திப்புட்டு கேள்வி வேறயா? போடுங்க பாட்ட!" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.

அவர் சிரிப்பில் குலுங்கிய முதுகு என் உள்ளங்கையில் தெரிந்தது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.