சில்லறைக்குக் கிடைத்த வாசல்

அன்று மதியத்துக்குள் நான் இரண்டு தடவை செத்திருந்தேன். முதலில் கொள்ளைநோயில், பிறகு கரடி அடித்து. கரடி அடித்த பிணம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடக்க வேண்டும். பயணிகள் வந்து இடுப்பில் செருகியிருக்கும் வரைபடத்தை எடுக்கும்வரை அசையக் கூடாது. அவர்களோ வழி தவறிக் கீழ்மலைப் பக்கம் போய்விட்டார்கள். முதல்நாள் பெய்த மழையின் ஈரம் முதுகில் ஏற, கணுக்காலில் அட்டை ஏற, நான் பிணமாகவே கிடந்தேன். கடைசியில் வந்து சேர்ந்த பயணிகளில் ஒருத்தி "பாவம்" என்று சொன்னது காதில் விழுந்தது. கதைக்காகச் சொன்னாளா, என் நிலைமையைப் பார்த்துச் சொன்னாளா, தெரியவில்லை. எழுந்தால் ஆட்டம் கெடும் என்பதால் அவர்கள் மேடேறும்வரை பேசாமல் கிடந்தேன்.

இந்த விளையாட்டை எங்களுக்குக் கொண்டுவந்தவர் ஒரு அண்ணன். கண்டி டவுனில் அவர்களுக்குப் புடைவைக்கடை. இங்கிலாந்தில் படிக்கப் போனவர், படிப்போடு இதையும் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். மேடை கிடையாது, பார்க்க ஆள் கிடையாது, மனப்பாட வசனமும் கிடையாது. ஒரு தோட்டத்தையோ காட்டையோ ராஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சிலர் பயணிகள். தங்களுக்கென்று ஒரு பேர், ஊர், நோக்கம் எல்லாம் யோசித்துக்கொண்டு வந்து, நாள் முழுவதும் அந்த ஆளாகவே நடமாடுவார்கள். கதை அவர்களுடையது. அவர்களுக்கு எதிர்ப்படுகிற கடைக்காரி, திருடன், பைத்தியம், பிணம் எல்லாம் தொண்டர்கள். அண்ணன் எங்களைத் துணைப் பாத்திரங்கள் என்றார். நாங்கள் எங்களைச் சில்லறை என்று சொல்லிக்கொண்டோம்.

இங்கிலாந்தில் இது இரவு பகலாக நடக்குமாம். எங்கள் ராஜ்ஜியம் காலை ஹேவாஹெட்ட பஸ்ஸில் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் முடிந்துவிடும். இருட்டிய பிறகு பிள்ளைகளை வெளியே விட எந்த வீடும் தயாராக இல்லாத காலம் அது. பொலிஸில் நாடகப் பயிற்சி என்று சொல்லிவைத்திருந்தார் அண்ணன். மரவாளோடு ஆட்கள் மலையில் திரிவதற்கு வேறு என்ன காரணம் சொல்ல முடியும்?

எனக்கு அப்போது ஏ.எல். பரீட்சை முடிந்திருந்தது. கம்பஸ் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்தால் கொழும்பில் என்ன வெடித்தது, எங்கே யாரைப் பிடித்தார்கள் என்ற பேச்சுத்தான். அப்பா நகரசபையிலிருந்து கொண்டுவரும் செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் அண்ணன் கூப்பிட்ட ஆட்டம் ஒன்றையும் நான் விடவில்லை. எல்லாவற்றிலும் சில்லறை. எல்லாவற்றிலும் எப்படியோ செத்தேன். ஒரே ஒரு தடவை பயணியாகப் போக வேண்டும், என் காலில் நடந்து என் கதையை நானே சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை.

வாய்ப்பு அன்று மத்தியானம் வந்தது. நகர வாசலில் காவலனாக நிற்க வேண்டியவர் வந்து சேரவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் அவருடைய பஸ்ஸை மறித்து, சோதனைக்காக எல்லோரையும் இறக்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கால் அட்டைக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து, கண் மையை எடுத்து என் மேலுதட்டில் மீசை வரைந்தார்.

"நீங்கதான் வாசல். லேசுல விட்டுறாதீங்க, அவங்க கதை சொல்லி உங்கள நம்ப வைக்கணும். நல்லா நின்னீங்கன்னா அடுத்த ஆட்டத்துல நீங்க பயணி," என்றார்.

முதுகு வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற பழைய கொட்டகை, மடுவம், ஒன்று கூரையில்லாமல் நின்றது. அதன் இரண்டு தூண்கள்தான் வாசல். குறுக்கே ஒரு மூங்கில். அண்ணன் எழுதிக்கொடுத்த காவலன் "யாரங்கே" என்று முழங்க வேண்டியவன். எனக்கு அந்தக் குரல் வரவில்லை. எனக்குத் தெரிந்த காவல் வேறு. டியூஷனுக்குப் போகும் வழியில், குளத்துக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில், பெண்கள் வரிசையில் நின்று, சாக்கு மறைப்புக்குப் பின்னால் போய் வந்த பழக்கம் எனக்கு உண்டு. அங்கே யாரும் முழங்குவதில்லை. முகத்தைப் பார்க்காமல் கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரோடு வேறு பேச்சுப் பேசுவார்கள். பிறகு அதே கேள்வியை, முதல் தடவை கேட்பதுபோல, இன்னொரு முறை கேட்பார்கள்.

நானும் அப்படியே செய்தேன். வைத்தியராக வந்தவளிடம் ஊர் கேட்டுவிட்டு, அவள் சொல்லும்போது திரும்பி பிளேன்டீ குடித்தேன். பிறகு "எந்த ஊர்?" என்றேன். அவள் தடுமாறி வேறு ஊரைச் சொல்லிவிட்டாள். மடுவத்துக்குள் ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு ஒரே சந்தோஷம். திகனயிலிருந்து வருகிற பையன் ஒருவன், அன்றைக்கு மந்திரவாதி, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இவக்கு மெய்யாலுமே பொலிஸ்ல வேல கெடச்சீக்கா?" என்றான். அண்ணன் உள்ளே சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டியதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

கடைசியாக வந்தவர் உப்பு வியாபாரி. யாழ்ப்பாணத்து ஆள், எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். வெளிநாடு போகிற அலுவலாகக் கண்டிக்கு வந்து, ஒரு வீட்டின் பின் அறையில் தங்கி, மாதக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இதுதான் அவருக்கு முதல் ஆட்டம். காலையில் பஸ்ஸில் முழுக்கத் தன் உப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவர் ஊர்ப் பக்கம் உப்பளம் உண்டு. எப்போது வாருவார்கள், மழை வந்தால் என்ன ஆகும், நல்ல உப்பை நாக்கில் வைத்தால் எப்படி இருக்கும் என்றெல்லாம் சொன்னார். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தோளில் சாக்கோடு வந்து நின்றார். எங்கிருந்து என்று கேட்டேன். அருமையாகத் தொடங்கினார். கடல் வற்றிய நாட்டிலிருந்து வாறன், அரசனுக்கு உப்பில்லாமல் நாக்குச் செத்துப்போச்சு என்று கேள்விப்பட்டன் என்றார். உள்ளே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பக்கத்துத் தூணில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினேன். முகத்தைப் பார்க்காமல், "எங்கேயிருந்து?" என்றேன்.



திரும்பிப் பார்த்தபோது சாக்கு கீழே இருந்தது. அவர் கை சட்டைக்குள் போய் வந்திருந்தது. அடையாள அட்டையும் அதோடு மடித்த பொலிஸ் பதிவுத் துண்டும் என் முன்னால் நீட்டியபடி இருந்தன. கை நேராக இருந்தது. சிங்களத்தில், ஒரே மூச்சில், தங்கியிருக்கும் இடத்தையும் வந்த காரணத்தையும் வீட்டுக்காரர் பேரையும் சொன்னார். முடிவில், பொலிஸ்காரரிடம் சொல்வதுபோல, "சேர்" என்றார்.

காலையில் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டி வெளி உலகச் சாமான் எதுவும் ராஜ்ஜியத்துக்குள் வரக் கூடாது என்றபோது, எல்லோரும் கைக்கடிகாரம், பேனா, பஸ் டிக்கட் எல்லாம் போட்டோம். அடையாள அட்டையை மட்டும் ஒருவரும் போடவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. என்னுடையதும் காவலன் அங்கிக்கு உள்ளே வியர்வையில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

நான் அட்டையை வாங்கிவிட்டேன். நீட்டினால் வாங்குவதுதானே முறை. படத்தில் அவருக்கு மீசையில்லை, ரொம்பச் சின்ன முகம். படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன். அதுவும் முறைதான். அப்புறம் என்ன செய்வதென்று அந்த மீசைக்காரக் காவலனுக்குத் தெரியவில்லை.

ஆட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்று காட்ட ஒரு சைகை உண்டு. இங்கிலாந்தில் தலையில் கைவைப்பார்களாம். தலையில் கைவைப்பது பிடிபட்டவர்கள் நிற்பதுபோல் இருக்கும், இங்கே வேண்டாம் என்று முதல் ஆட்டத்திலேயே எல்லோருமாகச் சொல்லிவிட்டோம். அதற்குப் பதிலாகக் காதைப் பிடிப்பது என்று வைத்திருந்தோம். நான் ஒரு கையில் அட்டையோடு, மற்றக் கையால் என் காதைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் காதைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் பழைய நிலைக்கு வந்தது. அட்டையை என் கையிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்தார். சாக்கைக் குனிந்து தூக்கும்போது, உள்ளே கேட்காத குரலில், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், தங்கச்சி," என்றார்.

நான் மூங்கிலைத் தூக்கினேன்.

உள்ளேயிருந்தவர்களுக்கு என் முதுகுதான் தெரிந்தது. ஒரு வரி உப்புக் கதை, அதற்குப் பிறகு ஏதோ முணுமுணுப்பு, வாசல் திறந்துவிட்டது, காவலன் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. வைத்தியராக வந்தவள் தன்னை மட்டும் அவ்வளவு நேரம் வதைத்ததற்காகக் கோபித்துக்கொண்டாள். திகனக்காரன், யாழ்ப்பாண உப்புக்கு லஞ்சம் வாங்கிவிட்டேன் என்று கதை கட்டினான். அண்ணன் அரசன் இருந்த பக்கம் போனார். அரசனுக்கு உப்பு கொடுக்கும் காட்சி நடந்து முடிந்தது. வியாபாரி நன்றாகவே பேசினார் என்றார்கள். நான் வெளியே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். காலை முதல் செத்தது, கிடந்தது, நின்றது எல்லாம் அப்போதுதான் உடம்பில் இறங்கியது.

திரும்பும் பஸ்ஸில் ஆள் நெருக்கம். தலாத்துஓயா தாண்டியதும் அண்ணன் என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவு நல்லாப் போச்சு. கடைசி ஆள ஏன் சும்மா விட்டீங்க?"

"தூக்கம் வந்துருச்சுண்ணே," என்றேன்.

அவர் அடுத்த ஆட்டத்துக்கு ஆற்றில் ஒதுங்கும் பிணம் ஒன்று வேண்டியிருப்பதாகவும், அதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்றும் சொன்னார். நக்கலா பாராட்டா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லாமல் சரி என்றேன்.

முன் இருக்கையில் உப்பு வியாபாரி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். திரும்பாமலே பேசினார்.

"அதை எனக்குத் தாங்கோ. அவ பயணியா வரட்டும்."

"நீங்க புதுசு. இவ்வளவு நல்லாக் கதை சொல்றீங்க, பிணமாப் படுக்கிறதுக்கா?" என்றார் அண்ணன்.

"ஓம். பிணத்திட்டை ஒருத்தரும் கதை கேக்க மாட்டினம்தானே."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும்தான். வியாபாரிக்கு விசாவுக்குக் காத்திருக்கிற வழக்கமான அலுப்பு என்று அண்ணன் நினைத்திருப்பார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நானே சாகிறேன், எனக்குப் பழகிவிட்டது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். விவாதம் செய்தால் காரணம் சொல்ல வேண்டிவரும்.

"சரி, அப்ப நீங்க பயணி," என்றார் அண்ணன் என்னிடம். "யாரு, எந்த ஊரு, எதுக்கு வர்றீங்கன்னு இப்பவே யோசிக்க ஆரம்பிங்க."

யோசித்தேன். ஒரு ஊர்ப் பேர் கூட வரவில்லை. பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. முன் இருக்கையின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நானும் தூங்கிப்போனேன்.