புதுத் தெருவும் ஒடெட் வீட்டு வாசலும்

சைகோனில் ஒரு சந்தின் தெருவை உயர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்தால், அந்தச் சந்துக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். ஆற்றில் நீர் ஏறும் நாட்களில் தெரு முழங்காலளவு நனைகிறது, அதனால் மண் கொட்டித் தெருவைத் தூக்குகிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் தெரு வாசலைவிட உயர்ந்துவிட்டால் வீடு தொட்டியாகிவிடும். பணம் உள்ளவன் தரையை உயர்த்திக்கொள்வான். ஒடெட் வீட்டில் அதற்கும் வழியில்லை. மேலே பரண் தாழ்வு. இன்னும் ஒரு அடி தரையைத் தூக்கினால் அவள் கணவர் அகுஸ்தேன் எஞ்சிய காலம் முழுவதும் கூன் போட்டுத்தான் நடக்க வேண்டும்.

ஒடெட்டின் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்காலிலிருந்து கிளார்க்காக வந்தவர். எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக பாரீசுக்கும் புதுச்சேரிக்கும் விமானம் ஏறினார்கள். அவருக்கு மட்டும் காகிதம் சரியாக வந்து சேரவில்லை. பெண்ணுக்குக் கணக்கு நன்றாக வரும். நில அளவைப் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தாள். அன்று பிடித்த கருவியை ஐம்பது வயதிலும் அவள் விடவில்லை. கடைசியில் ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் மட்டம் பார்ப்பவளாக இருந்தபோதுதான், அவள் குடியிருந்த சந்தின் வாசல்களையே அளக்கும் வேலை வந்தது.

"அது என் சந்து. வேறு யாரையாவது அனுப்புங்கள்" என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாள். "நல்லதாய்ப் போயிற்று, அங்கிருக்கும் நாய்களுக்கு உன்னைத் தெரியும்" என்று அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

புதுத் தெருவின் உயரம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பெரிய சாலையின் வடிகால் எந்த உயரமோ அதற்கேற்பத்தான் சந்தும். சந்தில் உள்ள ஒவ்வொரு வாசலும் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும். பெரிய சாலைச் சுவரில் உயரம் தெரிந்த ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. அங்கே அளவு குறித்த மட்டக்கோலை நிறுத்தி, கருவி வழியாக எண்ணைப் படிக்க வேண்டும். பிறகு கோல் முன்னால் போகும், அங்கே ஒரு எண். கருவி கோலைத் தாண்டிப் போய் அதே கோலைத் திரும்பிப் பார்க்கும். இப்படி மாற்றி மாற்றிச் சந்தைச் சுற்றிவிட்டுக் குமிழுக்கே வந்தால், கிளம்பிய உயரம் அப்படியே திரும்பக் கிடைக்க வேண்டும். கருவி இடம் மாறும் நேரத்தில் கோல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

வழக்கமாகக் கோல் பிடிப்பவன் அன்றைக்குக் கல்யாணம் என்று கடலோரம் வுங் டாவ் ஊருக்குப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் அகுஸ்தேனைக் கூட்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளிய மனிதர், மரியாதை என்றால் உயிர். தெருநாய் குறுக்கே வந்தாலும் "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு ஒதுங்குவார்.

"நான் இடம் மாறையில நீங்க கோல அசைக்கப்படாது, தெரியுதா?"

"அட, ஒரு கம்பப் புடிக்கத் தெரியாதா எனக்கு?" என்றார் அவர்.

வேலை ஜோராக நடந்தது. தன் வீட்டு வாசலின் எண்ணைப் படித்துக் கணக்குப் போட்டவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புதுத் தெருவைவிட வாசல் இருபத்தோரு சென்டிமீட்டர் மேலே, ஏறக்குறைய ஒரு சாண்! அந்தச் சந்தோஷம் குமிழுக்குத் திரும்பும்வரைதான் நீடித்தது. முடிவு எண் பதினான்கு சென்டிமீட்டர் தவறி நின்றது.

எண்களை மறுபடி கூட்டிப் பார்த்தாள், அதே பதினான்கு. இத்தனை வருடத்தில் மில்லிமீட்டர் கணக்கில்தான் அவள் பிழை விட்டிருக்கிறாள். தன் வீடு பிழைக்க வேண்டும் என்ற ஆசையில் கண்தான் ஏமாற்றிவிட்டதோ? ஊர் அப்படித்தான் சொல்லும், முதலாளியும் அப்படித்தான் நினைப்பார். அதைவிடப் பெரிய பயம் வேறு. இந்தப் பதினான்கு ஒரே தப்பா, இல்லை இரண்டு மூன்று தப்புகள் ஒன்றையொன்று தின்றது போக மிச்சமா? அது தெரியாதவரை வாசலின் அந்த ஒரு சாணை நம்ப முடியாது. மறுபடி அளந்தால் வீடு தெருவுக்குக் கீழே போனாலும் போகும். அளக்காமல் விடவும் அவளால் முடியாது.

கோலில் எண்ணைத் தப்பாகப் படித்தால் பெரும்பாலும் சரியாகப் பத்து சென்டிமீட்டர் போகும், ஒரு கட்டம் மாறிவிடும். பதினான்கு அப்படிப்பட்ட எண் இல்லை. பதினான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இந்தச் சந்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தவள், பக்கத்திலிருந்த முனை வீட்டுப் படியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"இங்க பாருங்க. அந்த முனை வீட்டு வாசப்படில கோல நிறுத்தச் சொன்னேன்ல?"

"நிறுத்துனேனே."

"நான் கருவியத் தூக்கிக்கிட்டு முன்னால போனப்ப?"

அகுஸ்தேன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த வூட்டு மருமக புள்ளத்தாச்சி. வலி எடுத்து ஆசுபத்திரிக்குப் பொறப்பட்டா. பேறுகாலத்துக்குப் போறவ முன்னால வாசப்படில கம்ப ஊனி மறிச்சாப்ல நிக்கலாமா ஒடெட்டு? பர்தோன் சொல்லி எடுத்துட்டேன். அவ போனப்புறமும் அங்கனயே நாட்ட மனசு வரல. அவ நல்லபடியாத் திரும்பி வரணும்ல? அதான் கீழ்ப்படில வச்சேன். அதே வூடு, அதே வாசல்தான."

"கோல அசைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அசைக்கல. தூக்கித்தான் வச்சேன்."

ஒடெட்டுக்குக் கத்துவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். சந்து முழுக்க எட்டிப் பார்த்தது. டேப்பை எடுத்துப் போய் அந்தப் படியை அளந்தாள். பதினான்கேதான். கண் ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் பாதி உயிர் வந்தது. மீதி உயிருக்கு மறுநாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அளந்து வந்த வரிசையில் அந்தப் படி அவர்கள் வீட்டுக்கு முன்பே வந்துவிட்டது. அங்கே ஏறிய பொய் உயரம் அவர்கள் வாசல் எண்ணிலும் ஏறியிருந்தது. அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏழு. அதுவும் வேறு தப்பு எதுவும் இல்லாவிட்டால்தான்.

மறுநாள் காலையில் திரும்பவும் குமிழிலிருந்து கிளம்பினார்கள். வாசற்படிகளையே தொடாமல், தெரு ஓரத்தில் ஆணி அடித்து அதன் தலையில் கோலை நிறுத்தச் சொன்னாள். அகுஸ்தேன் சிலை மாதிரி நின்றார். இளநீர் வண்டிக்காரி மணியடித்து, கத்தி, கடைசியில் வைது பார்த்தாள். அவர் நகரவில்லை. கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வண்டிதான் சுற்றிப் போயிற்று.

குமிழுக்குத் திரும்பியபோது பிழை இரண்டு மில்லிமீட்டர். ஒடெட் கணக்கை மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் சரிபார்த்தாள். பிறகு கருவியைத் தாங்கிய முக்காலியின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதுவிட்டாள். அகுஸ்தேன் பதறிப்போனார். ஆனாலும் கோலை விடாமல் பிடித்தபடி அங்கிருந்தே கத்தினார்.

"என்ன ஆச்சு? வூடு முழுகிடுமா?"

"முழுகாது. மேலதான் இருக்கு. நாலு விரக்கடை."

அவர் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"யாரு வெரலு? எனக்கா, ஒனக்கா? எனக்குக் கொஞ்சம் தடிப்பு."

"யாரு வெரலா இருந்தா என்ன, தண்ணி உள்ள வராது" என்றாள் ஒடெட், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்ப அந்தக் கோலக் கீழ வைங்க."

"வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.