அக்கா வரைந்த காட்டாமணக்கு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இதை எழுத உட்காரும்போதும் எனக்குத் துக்கத்தைவிடப் பயமே முந்திக்கொண்டு வருகிறது. காரணத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

அக்கா ஆரணியில், பட்டு நெசவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். புடவைக்கு டிசைன் வரைந்துவந்த அப்பா சீக்கிரமே தவறிவிட, கட்டம் போட்ட கிராஃப் தாளில் அன்னமும் மாங்காயும் வரைந்து என்னைப் படிக்கவைத்தவர் அக்காதான். தாமும் தாவரவியல் படித்து, கல்லூரிப் புத்தகங்களுக்குச் செடிகளை வரைந்து தந்தார். ஒரு செடிக்கு ஏன் முள், இன்னொன்றுக்கு ஏன் பால் என்று கேட்டுவிட்டால் போதும், சோறு ஆறிப்போகும். "அதுங்களால ஓட முடியாதுடா. பயத்த இலையிலயும் வெதையிலயும் வெச்சிகினு நிக்குது" என்பார்.

பள்ளிகளுக்காக நச்சுச் செடிகளின் சுவர்ப்படம் வரையும் வேலை அவருக்கு வந்தது. கடைசியாக மிஞ்சியது காட்டாமணக்கு. அச்சகத்தார் அவசரப்படுத்தினார்கள். "பாதி போடுக்கா, தாள மடிச்சி மறுபாதிய நகலெடுத்துக்கலாம். புடவைக்கு அப்படித்தான செய்றோம், ஜல்தியா முடிஞ்சிடும்" என்றவன் நான்தான். அக்காவும் பழகிய கையோடு அப்படியே செய்துவிட்டார். தண்டில் மாறி மாறி வரவேண்டிய இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்றன. இருவர் கண்ணிலும் அது படவில்லை. படம் அச்சாகி செய்யார், வெம்பாக்கம், தெள்ளார் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து வெம்பாக்கம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை போன் செய்தார். வேலியோரச் செடியின் கொட்டையைத் தின்ற ஒரு சிறுமி, வாந்தியெடுத்து மயங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். "படத்துல இலை ஜோடியா இருக்குது, இதுல அப்படி இல்ல, அப்போ இது வேற செடின்னு சாப்ட்டுச்சாம் மேடம்." போனை வைத்ததும் அக்கா அந்தப் படத்தை எடுத்து விரித்தார்; தப்பு அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. அந்தப் பெண் பிழைத்து வீடு திரும்பும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அதன்பின் மூச்சிரைப்போடு பஸ் ஏறி, பள்ளி பள்ளியாகப் போய், பழைய படத்தின்மேல் திருத்திய படத்தைத் தம் கையாலேயே ஒட்டிவந்தார். தெள்ளார் பக்கம் ஒரே ஒரு பள்ளி மிஞ்சியிருக்கும்போது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்; அந்த ஒன்றை ஒட்டிவர என்னிடம் சொன்னார்.

"போயி ஒட்டிட்டியாடா?"

"ஒட்டிட்டன்கா. நீ தூங்கு."

பொய் சொன்னேன். அவரை விட்டு நகரப் பயந்து ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். காரியம் முடிந்த மறுநாளே அந்தப் பள்ளிக்கு ஓடினேன். சுவரில் படம் இல்லை. வெள்ளையடிக்கும்போது கழற்றியதை யாரோ கேட்டு வாங்கிப்போனார்களாம், யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. இன்றும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அக்காவைத் தாய்போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பஸ்ஸில் அவருக்குத் துணையாகப் போய்வந்த எதிர்வீட்டு அண்ணிக்கும், காரியங்களில் தோள்கொடுத்த உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊரிலாவது, எந்தச் சுவரிலாவது, இலைகள் ஜோடி ஜோடியாக நிற்கும் காட்டாமணக்குப் படத்தைக் கண்டால் கிழித்துவிடுங்கள். கீழே அக்காவின் கையெழுத்து இருக்கும். அதைப் பார்த்துத் தயங்காதீர்கள்.