ஏறிக்கொண்டே போன சத்து

பழச்சாறு ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். நாளைய வேலையை இன்றே முடித்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். சாற்றின் சத்தை அளக்க ஒப்பிட்டுப் பார்க்கும் வைட்டமின் கரைசலைக்கூடக் கெட்டியான மூலக் கரைசலிலிருந்து அன்றன்று நீர்க்கச் செய்யாமல், வாரம் முழுவதற்கும் சேர்த்துக் கலக்கி வைத்துவிடுவாள்.

அந்த வாரம், புதுச் சாற்றில் சத்து எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்தார்கள். திங்களைவிடப் புதனில் கூடுதல். வெள்ளியில் இன்னும் கூடுதல். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. காலாவதித் தேதியைத் தள்ளிப்போட்டு லேபிள் அச்சடிக்கச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“ஏறினா நல்லதுதானே? என் சம்பளம் ஏறினா நான் இப்படியா முழிப்பேன்?” என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

“அடைச்சு வச்ச சாறுல சத்து குறையத்தாங்க செய்யும். எங்கயோ இடிக்குது.”

விடுமுறை என்றும் பாராமல் மறுநாள் காலையே கூடத்தைத் திறந்தாள். மூலக் கரைசலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிதாக நீர்க்கச் செய்தாள். அதற்குப் பக்கத்தில், வாரம் முழுக்க இருந்த பழைய பாட்டில். இரண்டிலும் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வைட்டமின் இருக்கும்வரை நீலம் மறையும். புதியது சாயத்தை விழுங்கிக்கொண்டே போனது. பழையது சீக்கிரமே கைவிரித்துவிட்டது. ஒப்பிடும் கரைசல் வலுவிழந்ததால், சாற்றில் சத்து கூடியதுபோலத் தெரிந்திருக்கிறது! உடனே போனை எடுத்தாள்.

“சார், தேதியை மாத்தாதீங்க. தப்பு என்மேலதான்.”

“லேபிள் அச்சுக்குப் போயாச்சும்மா!”

“நிறுத்துங்க சார். மூலக் கரைசல் நல்லாத்தான் இருக்கு, நான் நீர்க்க வச்ச பாட்டில்தான் கெட்டுப்போச்சு.”

“ரெண்டும் ஒரே மருந்து, ஒரே தண்ணி. ஒண்ணு மட்டும் எப்படிம்மா கெடும்?”

“தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்துதான் சார் தின்னுது. கெட்டியா இருந்தா ஒரு வாய் போனாலும் தெரியாது. நீர்த்ததுல அந்த ஒரு வாயே பெரிய பங்கு.”

மறுமுனையில் போனை வைத்த சத்தம்தான் கேட்டது. ஆனால் அச்சு நின்றது.

சோதனை முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை சத்து ஒழுங்காக இறங்கியது. மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பழைய தேதிக்குக் கையெழுத்துப் போட்டார். அதோடு முடிந்தது என்று அவர் எழுந்தபோது அவள் வாசலை மறித்து நின்றாள்.

“சார், போன மாசச் சாறும் அதே மாதிரி பாட்டிலை வச்சுத்தான் பார்த்தேன். அதையும் திரும்பப் பார்க்கணும்.”