வெள்ளைத் தொட்டிக் குஞ்சுகள்

எங்கள் மீன்பண்ணையில் அவனுக்குப் பெயரே ‘சரிங்க’தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். முதலாளி மழை வரும் என்றால் சரிங்க. வராது என்றால் அதற்கும் சரிங்க. வலை பழுதுபார்க்கிற எனக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவனை இங்கே சேர்த்துவிட்டவள் அவன் அக்கா. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புருஷன் கைவிட்ட பிறகு அவளுக்கென்று இருந்தது இந்த வேலையும், பண்ணைக்குள்ளேயே கொடுத்திருந்த ஓர் அறையும்தான். வேலை போனால் அறையும் போகும். அது அவனுக்கும் தெரியும்.

மீன்குஞ்சு தான் இருக்கிற இடத்தின் நிறத்தைத் தோலில் வாங்கிக்கொள்ளும். வெள்ளைத் தொட்டியில் வளர்ந்தால் வெளிறிப்போகும். கறுப்புத் தொட்டியில் போட்டால் மெல்லக் கறுக்கும். எங்கள் குளத்தின் அடியெல்லாம் கருஞ்சேறு. அதனால் குளத்தில் விடுமுன் குஞ்சுகளை இரண்டு நாள் கறுப்புத் தொட்டியில் போட்டுவைப்போம். அந்தத் தொட்டி அக்காவின் பொறுப்பு. “உடம்புல நிறம் ஏறட்டும், அப்புறம் போங்க ராசா” என்று குஞ்சுகளோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அன்று முதலாளி தன் புதுச் சம்பந்தியைப் பண்ணை காட்ட அழைத்து வந்திருந்தார். வெள்ளைத் தொட்டியை எட்டிப் பார்த்த சம்பந்தி, குஞ்சுகளைக் குளத்தில் விடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். முதலாளிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“ஐயா, இன்னும் கறுப்புத் தொட்டியிலயே போடல. இப்ப விட்டா கொக்குக்குத்தான் தீனி” என்றாள் அக்கா.

முதலாளி அவள் தம்பியின் பக்கம் திரும்பினார். “என்னடா, விடலாம்ல?”

“சரிங்க. ஒண்ணும் ஆகாதுங்க.”

வாளிகளை அவனேதான் கவிழ்த்தான். கருஞ்சேற்றின் மேல் குஞ்சுகள் சிந்திய சோற்றுப் பருக்கைகளாகத் தெரிந்தன. கொக்குகள் இறங்கின, பின்னாலேயே நீர்க்காகங்கள். கைதட்டினோம், கல்லெறிந்தோம். அவை நகர்ந்தால்தானே! குஞ்சுகளோ ஒளிந்துகொண்டதாக நினைத்து அசையாமல் கிடந்தன.

சம்பந்தி சிரித்துவிட்டார். “கொக்குக்கெல்லாம் நல்லா விருந்து வெக்கிறீங்க.”

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. “இதுங்கள கறுப்புத் தொட்டியில போடாம விட்டது யாரு?”

அவருக்குத் தெரியாதா? அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தோம்.

“அக்காதாங்க” என்றான் அவன். “அது அவங்க பொறுப்புங்க.”

பாவி! நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். “உன்ன யாரு கேட்டா?” என்று அடக்கிவிட்டார் முதலாளி. சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்துவிட்டுப் போகும்படி அக்காவிடம் சொன்னார்.

அவள் பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் வாசலில் வந்து நின்றான்.

“நான் என்னக்கா பண்ணட்டும்? அவரு மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டுக் கேக்குறாரு.”

“குஞ்சுக்கே நிறம் மாற ரெண்டு நாள் ஆகுதுடா” என்றாள் அக்கா. “உனக்கு அவரு திரும்பிப் பாத்தாலே போதும்.”

அந்த நேரம் பார்த்து முதலாளி அந்தப் பக்கமாக வந்தார். உள்ளே ஒரு நோட்டம் விட்டார். “டேய், நாளையிலருந்து இந்த ரூம நீயே வெச்சுக்க.”

“சரிங்க.”

அக்கா சாவியை அவன் கையில் வைத்தாள்.

“மூட்டையத் தூக்கி என் தலையில வை” என்றாள்.

“சரிக்கா” என்று தூக்கி வைத்தான்.