மூன்று விரல்களும் ஒரு வஞ்சமும்

அந்த டீச்சரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குழந்தைக்கு வீட்டிலேயே விளையாட்டுச் சாமான் செய்து கொடுக்கிற அம்மா என்றால் பொறுமையின் வடிவம், அன்பின் வடிவம் என்றெல்லாம் நினைத்துக்கொள்கிறார்கள். நான் செய்த ஒவ்வொன்றும் வஞ்சத்தில் செய்தது. அட்டையை வெட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் வெட்டினேன்.

மார்ச் கடைசியில், என் பெண் எல்கேஜி முடிக்கிற சமயத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கரமனையில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம். டீச்சருக்குச் சொந்த ஊர் தெற்கே பாறசாலைப் பக்கம். மற்றவர்களிடம் மலையாளம் பேசினாலும் எங்களிடம் தமிழிலேயே பேசுவார். அவள் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. என் பெண் ஒரு நாள் இதைப் படிப்பாள் என்பதால் அவர்.

மேஜையில் என் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தையும் இன்னொரு குழந்தையின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். இன்னொரு குழந்தை முழு எழுத்துக்களுக்கு வந்துவிட்டிருந்தது. என் பெண் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைனிலேயே நின்றிருந்தாள். நிற்க வேண்டிய கோடுகள் எல்லாம் சாய்ந்து கிடந்தன.

"பிள்ளைக்க விரலுல பெலன் இல்ல, கேட்டியளா. பென்சிலை உலக்கை மாதிரில்லா பிடிக்கா. இன்னும் ஒரு வருசம் எல்கேஜியிலே இருக்கட்டும்" என்றார்.

நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். என் விரல்களை நம்பித்தான் எங்கள் தெருவில் பாதிக் கல்யாணம் நடக்கிறது. என் வயிற்றில் பிறந்ததற்கு விரலில் பெலன் இல்லையாம். அதுவும் பக்கத்தில் இன்னொரு குழந்தையின் நோட்டை வைத்துக்கொண்டு.

"வீட்டுல தானா சாப்பிடுவாளா?" என்று கேட்டார்.

"ஓ, எல்லாம் தானாத்தான் சாப்பிடுவா" என்றேன்.

அது பொய். ஐந்து வயது ஆகப்போகிற குழந்தைக்கு மூன்று வேளையும் நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். பென்சிலைப் பற்றிப் பேச வந்த இடத்தில் சாப்பாட்டுக் கேள்வி எதற்கு, இன்னும் என்னவெல்லாம் குறை கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்ற கோபத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கும் சேர்த்து அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

மன்றாடி ஒரு தவணை வாங்கினேன். மன்றாட வைத்தார் என்பது தனிக் கணக்கு. இரண்டு மாத லீவு இருக்கிறது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். டீச்சர் முன்னால் உட்கார்ந்து அவள் தன் பெயரை எழுதிவிட்டால் யூகேஜி. இல்லாவிட்டால் கூடப் படித்த எதிர் வீட்டுப் பெண் யூகேஜி இருக்கிற மாடிக்குப் போய்விடுவாள், என் பெண் கீழே சின்னக் குழந்தைகளோடு இருப்பாள்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த என் கணவரிடம் சொன்னேன். "ஒரு வருஷம்தானே, இருந்துட்டுப் போகட்டுமே. இப்ப என்ன கெட்டுப் போச்சு?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மறுநாளே ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போய்த் துணி உலர்த்தும் கிளிப் நாலு டஜன், ரப்பர் பேண்ட் ஒரு பாக்கெட், இங்க் ஃபில்லர் இரண்டு வாங்கி வந்தேன். மற்றது எல்லாம் வீட்டில் இருந்தது. சாதம் வடிக்கிற தட்டைக் கவிழ்த்து, அதன் ஓட்டைகளில் விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னேன். ஃபில்லரால் மஞ்சள் தண்ணீரை உறிஞ்சி, ஐஸ் ட்ரேயின் ஒவ்வொரு குழியிலும் இரண்டு சொட்டு விடச் சொன்னேன். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவைத் துண்டு துண்டாக வெட்டி ஷூ லேஸில் கோக்க வைத்தேன். அவள் அப்பாவின் பழைய சட்டையிலிருந்து பட்டன் பட்டியை வெட்டி ஒரு பலகையில் ஆணியடித்துக் கொடுத்தேன். போட வேண்டும், கழற்ற வேண்டும், திரும்பப் போட வேண்டும். சப்பாத்தி மாவைக் கடுகளவு கிள்ளி உருட்ட வேண்டும். புருவம் திருத்துகிற இடுக்கியால் பச்சைப் பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும்.

கிளிப்புக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டையில் வட்டமாக ஒரு முகம் வெட்டினேன். மூக்குக் கண்ணாடி வரைந்தேன். கழுத்தில் மெல்லிசாக ஒரு சங்கிலியும் வரைந்தேன். தலையைச் சுற்றிக் கிளிப்புகளைக் குத்தினால் முடி.

"இது எங்க டீச்சர்!" என்று கண்டுபிடித்தாள் என் பெண்.

"ஆமா."

"மூக்குல ஒண்ணு போடட்டுமா?"

"ரெண்டு போடு" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் அவளுக்கும் எனக்கும் ஒரே காரணம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் தினமும் அந்த அட்டையை எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் முழுக்க இப்படிப் போயிற்று. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, ஒரு கண் துணியிலும் ஒரு கண் அவள் விரல்களிலுமாக உட்கார்ந்திருப்பேன். கிளிப்பை அமுக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துத் திணறினவள், மாதக் கடைசியில் இருபது கிளிப்பை மூச்சு விடாமல் குத்தினாள். பட்டாணி ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்தால் பழையபடி உலக்கைதான். முஷ்டியை மூடிக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, தோளிலிருந்து கோடு இழுத்தாள். டீச்சர் சொன்ன அந்த வார்த்தையே எனக்கும் வாயில் வந்தது. அதற்காகவும் அவர் மேல்தான் கோபம் வந்தது.

மே முதல் வாரத்தில் ஒரு நாள் பகலில், ரசம் சாதம் பிசைந்து அவள் முன்னால் தட்டை வைத்தேன். அதற்குள் கல்யாணப் பிளவுஸ் போட்டுப் பார்க்க ஒரு மாமி வந்துவிட்டாள். கை இறுக்கம், கழுத்து இறக்கம் என்று அரை மணி நேரம் ஓடிப் போயிற்று. மாமியை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. சாதத்தின் மேல் ஏடு மாதிரி காய்ந்திருந்தது. என் பெண் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்கலையாடி?"

"பசிக்கறது."

"எடுத்துச் சாப்பிடறதுக்கு என்ன?"

"கையில ஒட்டிண்டா பத்து" என்றாள். கவுனில் ஒரு பருக்கை விழுந்து கிடந்தது. அதைத் தொடாமல், மோவாயால் என்னிடம் காட்டினாள். "அம்மா, நீ எடு."

எங்கள் வீடுகளில் பத்து என்று ஒன்று உண்டு. வெந்த சாதம் பட்ட கை பத்துக் கை. அதைக் கழுவாமல் தண்ணீர்ச் செம்பு, மோர்ப் பாத்திரம், ஊறுகாய் ஜாடி எதையும் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும். சாமி, பூஜை என்று எனக்குப் பெரிய பிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பத்து மட்டும் உடம்பில் ஊறிப்போன சமாசாரம். குழந்தை கையில் தட்டைக் கொடுத்தால் பருக்கை ஒட்டின கையோடு ஃபிரிட்ஜைத் தொடுவாள், பாயைத் தொடுவாள், முக்கியமாகத் தைக்க வந்த பட்டுத் துணியைத் தொடுவாள். அதனால் ஒரு வயதிலிருந்து நான் அவளைச் சாதத்தில் கை வைக்கவே விட்டதில்லை. கையை நீட்டியபோதெல்லாம் "பத்து, பத்து" என்று தட்டிவிட்டிருக்கிறேன். அவள் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோற்றைப் பிசைந்து, கட்டை விரலும் மற்ற விரல்களும் சேர்ந்து திரட்டி, வாய்க்குக் கொண்டு போகிற காரியத்தை நாலு வருஷமாக, நாளைக்கு மூன்று வேளையாக, அந்தக் கை செய்யவே இல்லை. டீச்சர் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வழி சொல்லியிருப்பார். கெட்டிக்காரப் பொம்பிளை. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

அன்று முதல் அவளையே சாப்பிட வைத்தேன். சாதம் தலைமுடியில், புருவத்தில், ஃபிரிட்ஜ் கைப்பிடியில், சுவரில். ஈரத் துணியை வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன். உடம்பெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. இப்படி நான் திருந்தியதும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என் வஞ்சம் அப்படியே இருந்தது. அதற்கு டீச்சர் பக்கத்தில் இல்லை, குழந்தை இருந்தாள். ஒவ்வொரு கவளத்துக்கும் "மூணு விரல்! மூணு விரல்!" என்று கத்தினேன். பென்சில் எடுத்தால் "மூணு விரல்!" ஒரு தடவை தைக்கிற ஸ்கேலால் புறங்கையில் ஒன்று வைத்தேன். லேசாகத்தான். லேசாகத்தான் என்று நான் சொல்கிறேன்.

"நீ அந்த டீச்சர் மேல உள்ள கோபம், தேஷ்யம் எல்லாத்தையும் இவ கையில தீர்த்துண்டிருக்கே" என்றார் என் கணவர்.

"ஒரு வருஷம் இருந்துட்டுப் போகட்டும்னவர்தானே நீங்கோ? பேசாம இருங்கோ" என்றேன்.

பலன் இருந்தது. அதை மறைக்க முடியாது. மே மூன்றாவது வாரத்தில் பென்சில் மூன்று விரலுக்குள் போய் உட்கார்ந்தது. பெயர் முழுசாக வந்தது, கோணலாக இருந்தாலும் வந்தது. நான் கண்ணாடி முன்னால் நின்று டீச்சருக்குச் சொல்ல வேண்டிய வசனத்தைத் தயார் செய்தேன். "பெலன் இல்லாதது குழந்தை விரல்லே இல்லே டீச்சர், உங்க பார்வையிலே" என்பது கடைசி வரி. இந்த ஒரு வரிக்காக இரண்டு மாதம் உழைத்திருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுகூட முடிவாகிவிட்டது.

டீச்சர் குறித்த அந்த நாள் காலையிலிருந்தே மழை. இரண்டு பேரும் பாதி நனைந்து போய்ச் சேர்ந்தோம். டீச்சர் துண்டு கொடுத்துக் குழந்தையின் தலையைத் துவட்டிவிட்டார். சின்ன மேஜையில் பேப்பரும் பென்சிலும் வைத்தார். நான் எதிரே நாற்காலியில், வசனத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

என் பெண் பென்சிலை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் கொண்டு போய்த் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"எழுதுடி. ஆத்துல எழுதினயே" என்றேன். அசையவில்லை. "மூணு விரல்" என்றேன். குரலை உயர்த்தக்கூட இல்லை. அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிட்டன.

டீச்சர் அதைப் பார்த்தார். என் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க செத்த வெளிய நில்லுங்க" என்றார்.

வராந்தாவில் போய் நின்றேன். ஜன்னல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. டீச்சர் குழந்தைக்குப் பக்கத்தில்கூட உட்காரவில்லை. அலமாரியைத் திறந்து க்ரேயான் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு, அவளிடம் எதிர் வீட்டுப் பெண்ணைப் பற்றி என்னமோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகு குழந்தையின் பக்கம். கொஞ்ச நேரம் கழித்து என் பெண்ணின் வலது கை மேஜைக்கு மேலே வந்தது. பென்சிலைத் தொட்டது. மூன்று விரலால் எடுத்தது. தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தாள்.

டீச்சர் பேப்பரோடு வெளியே வந்தார். பெயர் முழுசாக இருந்தது. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பூவும் போட்டிருந்தாள். வீட்டில் அவள் ஒரு பூ போட்டு நான் பார்த்ததில்லை.

"நல்லா எழுதிட்டா. யூகேஜிக்குப் போவட்டும்" என்றார்.

என் நேரம் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எழுதி முடிச்சிட்டு பிள்ளை எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? அம்மா பாத்துட்டாளான்னு கேட்டா. இல்லன்னு சொன்னேன். அதுக்குப் பொறவுதான் அந்தப் பூ போட்டா." பேப்பரை என் கையில் கொடுத்தார். "ஸ்கூல் திறந்தா கொஞ்ச நாளைக்கு அப்பா கொண்டு விடட்டும், கேட்டியளா."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். சரி என்று தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து அவள் அப்பாதான் கொண்டுபோய் விடுகிறார். நான் வீட்டு வாசல் வரைக்கும் போகிறேன்.