சின்னசாமியின் பாஸ்வேர்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதை நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும். நடந்தது பட்டப்பகலில், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, மாம்பழ சீசன். ஓசூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு தெரியாமல் ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கிடக்கிறது, போய்த் திறந்து கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மாங்கூழ் என்றால் இனிப்பாக மணக்கும் என்று நினைக்காதீர்கள். தோலையும் கொட்டையையும் கழிவுநீரையும் பின்னால் ஒரு குழியில் கொட்டி வைத்திருந்தார்கள், அது புளித்து நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது, மேலே கறுப்பாக ஈ. ஆபீஸ் அறைக்குள்ளும் அதே ஈ.

மேனேஜர் பாக்கைக் குதப்பிக்கொண்டே பேசினார். மேசைக்கடியில் ஒரு டப்பா வைத்து அதில் துப்பினார்.

"பாஸ்வேர்டு போட்டவன் செத்துட்டாம்மா. சின்னசாமின்னு ஷிப்ட் சூப்பர்வைசர். லீவு நாள்ல குடிச்சிட்டு வந்து அந்தக் குழியில வுழுந்துட்டான். நாளைக்கு லேபர் ஆபீஸ்ல இருந்து வர்றாங்க, அட்டெண்டன்ஸ் பூரா இதுக்குள்ளதான் இருக்குது."

கீபோர்டைத் தொட்டால் விரல் ஒட்டியது. கூழ் காய்ந்து, இடுக்கெல்லாம் செத்த எறும்பு. சீ என்று ஆகிவிட்டது. பையிலிருந்த புதுக் கீபோர்டை எடுத்து, உறையைக் கிழித்து மாட்டினேன். புத்தம் புதுசு, அதில் யார் கையும் பட்டதில்லை.

அப்போதெல்லாம் எங்களிடம் ஒரு சிடி இருக்கும். அதைப் போட்டு மெஷினைக் கிளப்பினால் பாஸ்வேர்டையே அழித்துவிடலாம், பத்து நிமிஷ வேலை. அழித்தேன், அழிந்தது என்று திரையில் வந்தது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது, வெறுமனே என்டர் தட்டினால் தவறு என்கிறது. மூன்று முறையும் இப்படியே. எத்தனையோ மெஷின் திறந்த கை இது, ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை.

இதற்குள் மேனேஜர் போனில் முதலாளியிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். எங்கள் கடைக்காரர் திருநெல்வேலி என்பதால் என்னையும் தெற்கத்திக்காரி என்று நினைத்துவிட்டார் போல. நான் ஓசூரில் பிறந்தவள், எங்கள் தெருவில் பாதிப் பேர் கன்னடம், அவர் பேசியதெல்லாம் எனக்குப் புரிந்தது. திறந்ததும் அவன் செத்த அந்த ஒரு நாளை மாற்றிவிடுகிறேன், அவன் பொண்டாட்டி கேட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, டூட்டியில்தான் இருந்தார், குடிக்கவே மாட்டார் என்று கத்துகிறாள் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பாக்குச் சாறு மோவாயில் வழிந்தது. துடைத்துக்கொண்டு பேசியபடியே வெளியே போனார்.

அப்போதுதான் ஒரு ஈ கீபோர்டில் வந்து உட்கார்ந்தது. விரட்டினேன், போகவில்லை. ஒரு கீயில் உட்கார்ந்தது, எழுந்து இன்னொன்றில், பிறகு வேறொன்றில். ஏழு கீ, கடைசியில் என்டர். திரும்ப முதல் கீக்கே வந்து அதே வரிசை. அறை முழுக்க மொய்க்கிற ஈயில் வேறு ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. நீங்கள் சிரிக்கலாம், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். மூன்றாவது சுற்றில் அது எழுந்த கீயையெல்லாம் அருவருப்போடு பின்னாலேயே தட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

அட்டெண்டன்ஸைப் பார்த்தேன். செத்த அன்றைக்குச் சின்னசாமி பெயருக்கு நேரே காலை ஆறு மணி வருகை. பக்கத்தில் குறிப்பு, அவரே அடித்தது: 'குழி பம்ப் அடைப்பு. மேனேஜர் இறங்கச் சொன்னார். இறங்குகிறேன்.'

"தொறந்துட்டியா, கெட்டிக்காரி!" மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "அந்த நாளை லீவுன்னு போட்டுட்டு, அந்த எழுத்தை எடுத்துடும்மா. எனக்கு இந்த எழவெல்லாம் தெரியாது."

என் கழுத்தில் பென்டிரைவ் தொங்கியது. அவர் வருவதற்கு முன்பே அதில் காப்பி எடுத்திருக்கலாம், அரை நிமிஷம் போதும். எடுக்கவில்லை. பயந்துவிட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை என்னவென்றால், அந்த நாற்றத்தை விட்டு ஓடினால் போதும் என்று இருந்தது. மாற்றினேன், அழித்தேன். என் விரலால்தான்.

கேட்டுக்கு வெளியே அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"மேடம், இப்பத்தான் உக்காந்தபடியே கண்ணு அசந்துட்டேன். எங்க வூட்டுக்காரரு வந்தாரு. கண்ணாடி போட்ட பொண்ணுகிட்ட குடுத்துட்டேன், கேட்டு வாங்கிக்கன்னாரு. ஏதாச்சும் குடுத்தாருங்களா?"

"இல்லீங்க," என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் கோபப்படவில்லை. என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள்.

"அப்ப ஆளு மாறிப்போச்சாட்டம் இருக்குது. நீங்க போங்க மேடம், பஸ்ஸு வந்துடும்."

மாம்பழத்தை அதற்கப்புறம் நான் வாயில் வைத்ததில்லை, அது கிடக்கட்டும். சின்னசாமி என்னிடம் ஒரு நாளும் வரவில்லை. வந்து மிரட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அடுத்த தடவை அவள் கண் அசந்தபோது அவர் வந்திருப்பார் அல்லவா, என்னைப் பற்றி அவளிடம் என்ன சொன்னாரோ, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசுகிறது.